பண்டிகை மாத்திரை

"பொம்மனாட்டின்னா வலி இல்லாமலா?" என்று யாராவது ஆரம்பித்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. கல்கத்தாவில் குடித்தனம் நடத்திய காலத்தில் இதற்காக நான் சண்டை போடாத உறவுக்காரர் பாக்கியில்லை. என் கணவரின் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் வைத்து இப்படிச் சொல்ல, நான் கொடுத்த பதிலில் மனிதர் பாயசத்தைத் தொடாமல் எழுந்து போனார். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

என் வலி அப்படிப்பட்டது. மாதம் பிறந்தால் அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிவது போலப் பிழிவார்கள். இடுப்பு கழன்று விழும். வாந்தி வரும். வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு தரையில் சுருண்டு கிடப்பேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கல்யாணமாகி கல்கத்தா வந்தபோது கொஞ்சமாக இருந்தது, பெண் பிறந்த பிறகு அடங்கி, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பையின் உள்ளே இருக்க வேண்டிய படலம் மாதிரியான திசு, வெளியே சினைப்பையிலும் சுற்றுப்புறத்திலும் போய் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மாதவிலக்கு வரும்போது அதுவும் சேர்ந்து ரத்தம் கசிகிறது. போக வழியில்லாத ரத்தம் அங்கேயே கட்டிக்கொள்கிறது. எனக்கு இடது சினைப்பையில் அப்படி ஒரு கட்டி.

ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது உண்மை. ஆனால் உடம்பு ஊதி, முகமெல்லாம் பரு வந்து, மேலுதட்டில் முடி அரும்ப ஆரம்பித்தது. "இன்னும் ரெண்டு மாசம் சாப்பிட்டா என் ஷேவிங் செட்டைக் கேப்ப போலிருக்கே" என்றார் என் கணவர். அன்றே நிறுத்தினேன்.

அப்புறம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த வயதான டாக்டர், கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு குழந்தை இருக்கிறது, இனி எதற்கு என்பது அவர் கேள்வி. என் மாமியாரும் அதையே கேட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயதிலேயே ஆபரேஷன் ஆகியிருந்தது. "எடுத்தப்பறம் எனக்கு என்னடி கொறஞ்சு போச்சு? கல்லு மாதிரி இல்லையா? பேசாம எடுத்துத் தொலை. மாசா மாசம் நீ படற பாட்டை என்னால கண்கொண்டு பாக்க முடியலை." பாசத்தில் சொன்னதுதான். அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. என் கணவரோ "உன் இஷ்டம்" என்றார். உலகத்தில் இதைவிட எரிச்சல் மூட்டும் வார்த்தை இல்லை.

எனக்கு இஷ்டமில்லை. ஏனென்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் முப்பத்தாறு வயதில் ஒரே நாளில் கிழவியாவதற்கு மனசு ஒப்பவில்லை. வலியையும் தாங்க முடியவில்லை. கடைசியில், நவராத்திரியும் தீபாவளியும் முடியட்டும், கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம் என்று தலையாட்டிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நோயைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஜாதவ்பூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. உயிர்வேதியியல் படித்துவிட்டு வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவளை, ஒரு விளம்பரத்தைப் பார்த்து என் கணவர்தான் துரத்தி அனுப்பினார். அங்கே போன பிறகுதான் ஆராய்ச்சி எதைப் பற்றி என்றே தெரிந்தது. எனக்கும் அதே நோய் என்று அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கள் வேலை மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அல்ல. எல்லா மரபணுவும் எல்லா செல்லிலும் உண்டு. எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதுதான் கேள்வி. கல்கத்தா சர்க்கார் ஆபீஸ் மாதிரி என்று புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் ஸார் விளக்குவார். எல்லா நாற்காலியிலும் ஆள் பெயர் உண்டு, ஆனால் யார் டீ குடிக்கப் போயிருக்கிறார், யார் வேலை பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தால்தானே தெரியும்? அப்படி எட்டிப் பார்ப்பதற்குத்தான் எங்கள் ஜெல்லும், அதில் விளக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும் கோடுகளும். கோடு பளிச்சென்று இருந்தால் அந்த மரபணு மும்முரமாக இருக்கிறது. மங்கலாக இருந்தால் டீக்கடையில் இருக்கிறது.

வெளியே போய் ஒட்டிக்கொண்ட திசுவில் நாங்கள் பார்த்தது இதுதான். ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கிற மரபணு, நல்ல கருப்பைப் படலத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். இங்கே கண்விழித்து, தனக்கு வேண்டிய தீனியைத் தானே சமைத்துக்கொள்கிறது. வளர்ச்சியை அடக்க வேண்டிய ஹார்மோன் புரோஜெஸ்டிரோன். அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவோ மங்கிக் கிடக்கிறது. அடங்கு என்று சொல்ல ஆள் இருந்தும் கேட்கக் காதில்லை. ஜெல்லுக்கு மேல் ஜெல்லாக இதைப் பார்த்து, எனக்கும் இந்த வகை மருந்து எதுவும் பிரயோஜனப்படாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மாதிரிகள் சால்ட் லேக்கில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வரும். அங்கே ஒரு லேடி டாக்டர் லாப்ராஸ்கோப்பி செய்யும்போது எடுக்கும் துணுக்குகளை நான் தெர்மகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்து, டாக்ஸி பிடித்து ஜாதவ்பூருக்குக் கொண்டு வருவேன். நோயாளி எத்தனை நாள் முன்னால் விலக்கானாள் என்று தெரிந்தால்தான் அந்தத் துணுக்குக்கு அர்த்தம், ஏனென்றால் மாதத்தின் போக்கில் எல்லாக் கோடுகளும் ஏறி இறங்கும். ஹார்மோன் மருந்து ஏதாவது சாப்பிட்டாளா என்பதையும் தவறாமல் கேட்போம். சாப்பிட்டவள் என்றால் எடுக்க மாட்டோம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது, துர்கா பூஜைக்குப் பிந்தைய வாரங்களைத் தவிர. பூஜைக்கு முன் எந்த பெங்காலிப் பெண்ணும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். பூஜை முடிந்ததும் வார்டு நிரம்பி வழியும். அந்த மாதிரிகளில் ஒரே குளறுபடி. வழக்கமான தேதிக் கணக்கில் விலக்காகிச் சில நாளே ஆனவளின் படலம், கர்ப்பிணியின் படலம் போலப் பருத்து இருக்கும். புரோஜெஸ்டிரோன் தட்டி எழுப்பும் மரபணுக்கள் நேரங்காலம் தெரியாமல் எழுந்து நிற்கும். முதல் வருஷம் தற்செயல் என்று விட்டோம். இரண்டாம் வருஷமும் அப்படியே.

"பூஜை டிராஃபிக்கில் ஐஸ் உருகியிருக்கும்" என்றார் ஸார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பந்தல் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட டாக்ஸியில், குழந்தையை வைத்துக்கொள்வது போலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். "ஐஸ் உருகினால் எல்லாக் கோடும்தானே அழியும் ஸார்? எப்போதும் வேலை செய்கிற ஆக்டின் மரபணுவின் கோடு கம்பீரமாக நிற்கிறதே! புரோஜெஸ்டிரோன் கோடுகள் மட்டும் எப்படித் தாறுமாறாகும்?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியானால் நீயே கண்டுபிடி. இந்த வருஷமும் இப்படி வந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார்.

மூன்றாவது வருஷம் அது. கார்த்திகையில் எனக்கு ஆபரேஷன் என்று முடிவான அதே வருஷம்.

நவராத்திரிக்குச் சில நாள் முன்னால், ஆபீஸ் விட்டு வரும் வழியில் கரியாஹாட்டில் மருந்துக்கடைக்குப் போனேன். "பண்டிகை மாத்திரை தீந்து போச்சு, மறக்காம வாங்கிண்டு வா" என்று மாமியார் காலையிலேயே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். கொலு வைக்கிற வீட்டில், மருமகள் நடுவில் தூரமாகி மூலையில் உட்கார்ந்தால் யார் சுண்டல் பண்ணுவது, யார் ஆரத்தி எடுப்பது? அதனால் ஆவணியில் வரலட்சுமி நோன்பு தொடங்கி ஐப்பசியில் தீபாவளி முடிகிற வரை, நாள் கிட்டே வந்தால் மாமியார் எனக்கு மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். அட்டையிலிருந்து பிரித்து, குங்குமச் சிமிழ்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருப்பார். காபியோடு ஒன்று கைக்கு வரும். விழுங்குவேன். இத்தனை வருஷம் அதன் அட்டையைக்கூட நான் பார்த்ததில்லை. வழக்கமாக வாங்குவதும் அவர்தான்.

கடையில் எள் போட்டால் விழாத கூட்டம். எல்லாம் பெண்கள். எனக்கு முன்னால் நின்ற காட்டன் புடவைக்காரி கையை நீட்டி, "பூஜோர் போரிடா தின்" என்றாள். பூஜை மாத்திரையைக் கொடுங்கள் என்று. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு அட்டையை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். அடுத்தவளும் அதையேதான் கேட்டாள். அவளுக்கு அடுத்தவள் கேட்கவே இல்லை, அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். கவுண்டர் மேல் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அந்த ஒரே மாத்திரைதான் திறந்து கிடந்தது.

"பௌதி, உங்களுக்கும் அதுதானே?" என்று அண்ணியிடம் கேட்பது போல என்னைக் கேட்டார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நாரெதிஸ்டிரோன் என்று போட்டிருந்தது. புரோஜெஸ்டிரோனின் வேலையைச் செய்கிற மருந்து! அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நடைபாதைப் புடவைக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று, யார் பார்த்தால் என்ன என்று தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் வார்டுப் பெண்கள் எல்லோரும் இதைத்தான் விழுங்கிவிட்டு வருகிறார்கள். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். அது பொய்யுமில்லை. என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் இல்லையென்றுதானே சொல்லியிருப்பேன்?

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் மற்றது உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை எனக்கு வலி வருவதில்லை. வந்தாலும் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அது அம்பாள் கடாட்சம் என்று மாமியார் சொல்வார். நோன்புச் சரடு கட்டிக்கொண்ட பலன் என்பார். நான் மழைக்காலம் முடிந்து காற்று மாறுவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தவள் இல்லையா, எனக்கு ஒரு காற்று! எந்த மருந்து எனக்குக் கேட்காது என்று நானே தீர்ப்பு எழுதினேனோ, அது வருஷா வருஷம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கார்த்திகைக்கு அதிக நாள் இல்லை.

பூஜை முடிந்து வார்டு நிரம்பியது. இந்தத் தடவை நான் மருந்தைப் பற்றியே வாயைத் திறக்கவில்லை. என் அரைகுறை பெங்காலியில், "அஷ்டமியன்று துர்கைக்குப் பூ அஞ்சலி கொடுத்தீர்களா தீதி?" என்று ஆரம்பித்தேன். கொடுக்காமலா என்றார்கள். "நல்லவேளை, நாள் நடுவில் வரவில்லையே" என்றேன். அவ்வளவுதான், வார்டே சிரித்தது. "அது எப்படி வரும்? மாத்திரை இருக்கிறதே!" ஒருத்தி தன் நாத்தனாருக்கும் சேர்த்து வாங்கியதைச் சொன்னாள். இன்னொருத்தி காளி பூஜை வரைக்கும் நிறுத்தப் போவதில்லை என்றாள். ஆனால் படிவத்தில் மருந்து இல்லை என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டதற்கு, அது மருந்தா என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஸாரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றார். "என் மனைவியும்தானாம்! கல்யாணமான நாளிலிருந்து! ஹார்மோன் ஆராய்ச்சி பண்ணுகிறவன் வீட்டில், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருஷத்துப் பூஜை மாதிரிகளை நாங்கள் தூக்கிப் போடவில்லை. தனியாக வைத்துப் பார்த்தோம். சில பெண்களின் திசு மாத்திரைக்குத் துளியும் அசையவில்லை, காது செவிடுதான். வேறு சிலருடையதில் ஏற்பியின் கோடு நன்றாகவே தெரிந்தது, திசு பெட்டிப்பாம்பாக அடங்கியிருந்தது. ஒரே பெயருள்ள நோய்தான். ஆனால் ஆளுக்கு ஆள் மரபணுவின் நடத்தை வேறு. எல்லா ஜெல்லையும் ஒன்றாகக் கலந்து பார்த்ததில் இது எங்கள் கண்ணில் படவே இல்லை.

அந்தக் கோடுகளைப் பார்த்த அன்று சாயங்காலமே சால்ட் லேக் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். இந்த முறை பெட்டி இல்லாமல், நோயாளியாக. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முதலில் வசமாகத் திட்டினார். டாக்டரைக் கேட்காமல் வருஷக்கணக்கில் ஹார்மோனை வாங்கி விழுங்குவாயா, ரத்தம் உறைந்து ஏதாவது ஆனால் என்ன செய்வாய் என்று. அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கட்டி வளரவில்லை. போன வருஷத்தைவிட ஒரு சுற்று சிறியதாகவே இருந்தது.

"உனக்குக் கேட்கிறது. இடைவிடாமல், சின்ன அளவில், என் மேற்பார்வையில் சாப்பிடு. கர்ப்பப்பை பாட்டுக்கு அதன் இடத்தில் இருக்கட்டும்" என்றார். அவர் மேஜை மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

வலி பூண்டோடு போய்விட்டது என்று கதை விட மாட்டேன். நடுவில் மாத்திரையை மாற்ற வேண்டியிருந்தது. சில மாதம் சோர்வாக இருக்கும். ஆனால் தரையில் சுருண்டு கிடந்த காலம் போயிற்று. என் நாற்பதுகளை நான் நன்றாகவே வாழ்ந்தேன். ஒரே நஷ்டம், வீட்டில் தூரம் என்ற பேச்சே இல்லாமல் போனதில், மாதாமாதம் சமையலறைப் பக்கம் போகாமல் கதைப்புத்தகம் படிக்கக் கிடைத்த அந்த லீவும் போய்விட்டது. அதற்கு மட்டும் இன்றுவரை எனக்கு மனத்தாங்கல்தான்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் மாமியாரிடம் சொன்னேன். கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"எந்த மாத்திரை? நான் குடுக்கறேனே, அதா?"

"அதேதாம்மா."

"பாத்தியா! நான் குடுத்ததுலதான் சரியாச்சு. இவாள்ளாம் பெரிய டாக்டர்!" முகமெல்லாம் பெருமை. நாலு காய் உரித்தார். அப்புறம் கை நின்றுவிட்டது. "ஏண்டி, எனக்கும் அப்போ இதைக் குடுத்திருந்தா கேட்டிருக்குமோ?"

"சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காதும்மா. குடுத்துப் பாத்திருந்தாத்தான் தெரியும்" என்றேன்.

"யாரும் பாக்கலையே. வயித்துல கட்டின்னு சொன்னா. உங்க மாமனார் கையெழுத்துப் போட்டார். கண்ணு முழிச்சப்பறம்தான் எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நர்ஸ் சொல்றா." காயை எடுத்தார், வைத்தார். "பொண்ணு ஒண்ணு பெத்துக்கணும்னு எனக்கு ஆசை இருந்துது. சொல்றதுக்குள்ள ஆயிடுத்து."

கல்லு மாதிரி இருக்கிறேன் என்று வருஷம் முழுக்கச் சொன்ன அதே மனுஷி. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் காயை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இருவருமாக உரித்து முடித்தோம்.

தீபாவளி போய்ச் சில நாள் கழித்து, அடுத்த தெரு டாக்டரின் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் தேதியை உறுதி செய்ய. நான் சமையலறையில் இருந்தேன், கை ஈரம். மாமியார்தான் ஓடிப்போய் எடுத்தார். அத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்தும் அவருக்கு பெங்காலி வராது, ஹிந்தியும் அவர் சொந்தத் தயாரிப்பு. மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், "ஆபரேஷன் நஹி! ஹம்லோக் நஹி தேகா!" என்றார். நாங்கள் கொடுக்க மாட்டோம் என்று. ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. "நஹி தேகா, நஹி தேகா, பஸ்" என்று போனை டொக்கென்று வைத்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கரகரவென்று கொட்டியது. நல்லவேளை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.